முத்திரை விழுந்த நகல்: மலையில் ஒரு கம்பெனி அரசாங்கத்தோடும் ஊரோடும் பழகுவது எப்படி

1993-இல் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். மூன்றாவது வாரமே முதலாளி ஒரு பழுப்புக் கவரையும் பஸ் காசையும் கையில் கொடுத்து, "ஊட்டிக்குப் போய் இதைக் குடுத்துட்டு வந்துரும்மா" என்றார். கட்டபெட்டு வழியாக வளைந்து வளைந்து போய், ஓர் அலுவலகத்தில் மேசையில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டு மாதம் கழித்து அங்கிருந்து ஒருவர் வந்து, "உங்க கம்பெனி விண்ணப்பமே போடலையே" என்றார். கொடுத்தது எனக்குத் தெரியும். கொடுத்ததற்குச் சான்று ஒன்றும் இல்லை. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், தாமதத்துக்கு ஒரு விளக்கக் கடிதம். முதலாளி திட்டவில்லை. "இனிமே நகல்ல சீல் வாங்காம திரும்பி பஸ் ஏறாதே" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் 28 வருடம் அந்த வேலைதான். அப்பா சிலோனிலிருந்து தாயகம் திரும்பியவர். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அரசாங்க ஆபீஸ் என்றாலே எங்கள் வீட்டில் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயம் போனது யாருடைய சிபாரிசாலும் இல்லை, வேலையைப் பழகிக்கொண்டதால்தான். இப்போது மலையில் டீ ஃபேக்டரி, ரிசார்ட், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எங்கு பார்த்தாலும் சின்ன வயதுப் பிள்ளைகளை 'அட்மின்', 'லையசன்', 'பி.ஆர்.ஓ.' என்று வேலைக்கு எடுத்து, ஒன்றும் சொல்லித் தராமல் ஆபீஸ் ஆபீஸாக அனுப்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். நம்மைப் பற்றிய செய்தி, நல்லதோ கெட்டதோ, அதிகாரிக்கும் ஊருக்கும் முதலில் நம் வாயிலிருந்து போக வேண்டும். வேறு யார் சொல்லியாவது அவர்கள் தெரிந்துகொண்டால் அன்றைக்கே நாம் பாதி தோற்றுவிட்டோம்.

முதலில் ஒரு நோட்டு

கம்ப்யூட்டரில் என்ன வைத்திருந்தாலும் சரி, கையில் ஒரு நீள நோட்டு வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஓர் ஆபீஸ். கொழுந்து வாங்கித் தூள் போடும் ஒரு சாதாரணத் தொழிற்சாலைக்கே எத்தனை பக்கம் ஆகும் என்று பாருங்கள். குன்னூரில் தேயிலை வாரியம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தொழிற்சாலை ஆய்வாளர். உணவுப் பாதுகாப்பு. தராசுக்கு முத்திரை போடும் எடையளவுப் பிரிவு, இது தொழிலாளர் துறைக்குக் கீழே வரும். பி.எஃப்., தீயணைப்பு, மின்வாரியம். உள்ளாட்சி என்றால் ஊராட்சியோ பேரூராட்சியோ நகராட்சியோ. வருவாய்த் துறையில் வி.ஏ.ஓ. தொடங்கி தாசில்தார், கோட்டாட்சியர், கலெக்டர் வரை. அப்புறம் வனத்துறை. சமவெளிக் கம்பெனிக்கு வனத்துறை நினைவிலேயே இருக்காது. இங்கே அது வாசலில் நிற்கும் துறை.

ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு விஷயம் எழுதுங்கள். எந்தச் சட்டப்படி நம்மைக் கேட்கிறார்கள், எந்தத் தேதிக்குள் என்ன கொடுக்க வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது மூன்று. நான்காவதைத்தான் பலரும் எழுதுவதில்லை: இந்த அதிகாரியை யார் கேள்வி கேட்பார்கள்? அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். தணிக்கை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் முன்னால் மனுவோடு நிற்கும் ஜனம் இருக்கிறது. நம் காகிதம் அவர் கோப்பில் இருந்தால் நாளைக்கு அவர் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல முடியுமா என்று யோசித்து எழுதினால், கோப்பு தானாக நகரும். 'எங்கள் கஷ்டம்' என்று பக்கம் பக்கமாக எழுதினால் அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

புதிய அதிகாரி மாறுதலாகி வந்தால் சால்வை, பழத்தட்டு எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். தொழிற்சாலை எங்கே இருக்கிறது, எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், என்னென்ன உரிமம் எந்தத் தேதி வரை, அவர் அலுவலகத்தில் நம்முடைய எந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. இதுவரை நம்மேல் வந்த நோட்டீஸ் ஏதாவது இருந்தால் அதையும், என்ன செய்து சரிபண்ணினோம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பழைய கோப்பைப் புரட்டி அவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள்.

கடிதமும் முத்திரையும்

ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். இதை மீறாதீர்கள். மின் இணைப்பையும் சாலையையும் ஒரே கடிதத்தில் கேட்டால், அது எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியாமல் தபால் மேசையிலேயே கிடக்கும். 'பொருள்' வரியைப் படித்தாலே நமக்கு என்ன வேண்டும் என்று தெரிய வேண்டும். அவர்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் என்றால் 'பார்வை' வரியில் அவர்களுடைய ந.க. எண்ணும் (அவர்கள் கடிதத்தின் மேலே இருக்கும் கோப்பு எண்) தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். இணைப்புகளுக்கு எண் போட்டு, எத்தனை பக்கம் என்று எழுதுங்கள்.

இனி நகல். அசலும் நகலும் சேர்த்து நீட்டுங்கள். தபால் பிரிவில் இருப்பவர் ரப்பர் முத்திரையை மையட்டையில் தட்டி, முதலில் அசலில் குத்துவார். உங்கள் நகலில் குத்தும்போது மை மங்கியிருக்கும். தேதி தெரிகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். தெரியவில்லை என்றால், "மேடம், தேதி விழல, இன்னொரு தடவை" என்று மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம் வேண்டும். அந்த நீல வட்டத்துக்குள் இருக்கும் தேதிதான் பின்னால் நமக்காகப் பேசும். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்து 4 மாதத்துக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவு (கழிவுநீர் விட அனுமதி) கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால், இசைவு கொடுத்ததாகவே கருத வேண்டும். ஆனால் அந்த 4 மாதம் எந்த நாளில் தொடங்கியது என்று காட்ட வேண்டியது நாம்தான். அதை நம்பிச் சும்மா உட்காரவும் கூடாது. மாதம் ஒரு நினைவூட்டல் எழுதுங்கள், அதிலும் முத்திரை வாங்குங்கள்.

இப்போது பெரும்பாலும் ஆன்லைன்தான். ஒப்புகை எண் வரும் பக்கத்தை அச்செடுத்து அதே கோப்பில் வையுங்கள். அப்படியும் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். 'ஆவணம் தெளிவாக இல்லை' என்று திருப்பி அனுப்பியதை யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் பார்க்காத மின்னஞ்சலில் அது கிடக்கும்.

கட்டடம், மண், மரம்

மலையில் புதிதாக ஒரு கொட்டகை போட நினைத்தால்கூட வரைபடக்காரரைக் கூப்பிடுமுன் இந்த மூன்றையும் பாருங்கள். மலையில் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருக்கிறதா? 1990-இல் வந்த அரசாணையிலிருந்து அந்தப் பட்டியல் நம்மோடு இருக்கிறது. அடுத்து மண். கலெக்டர் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஜே.சி.பி. இறக்க முடியாது, ஆழ்துளைக் கிணறும் போட முடியாது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கமெல்லாம் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர் போனதைப் பார்த்த யாரும் இதைத் தொந்தரவு என்று சொல்ல மாட்டார்கள். மூன்றாவது மரம். நம் பட்டா நிலத்தில் நாமே நட்ட சில்வர் ஓக்காக இருந்தாலும், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். எங்கள் முதலாளி ஒருமுறை ஆறு மரத்துக்காக எட்டு மாதம் காத்திருந்தார். அந்த எட்டு மாதத்தைத் திட்டத்திலேயே சேர்த்திருந்தால் மனக்கஷ்டம் இல்லை. சேர்க்காதது என் தவறு. அதன் பிறகு எந்த வேலைக்கும் 'அனுமதிக் காலம்' என்று தனி வரி போட்டே பட்ஜெட் கொடுத்தேன்.

ஆய்வுக்கு வரும் நாள்

வந்தவரை வாசலில் காக்க வைக்காதீர்கள். அடையாள அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் நேரம் எழுதிக் கூட்டிப் போங்கள். கூடப் போவது ஒருவராக இருக்கட்டும், அவருக்கு இயந்திரமும் தெரிய வேண்டும் பதிவேடும் தெரிய வேண்டும். நாலு பேர் சுற்றி நின்று நாலு பதில் சொன்னால் ஆய்வுக் குறிப்பும் நாலு பக்கம் வரும். தெரியாத கேள்விக்கு, "தெரியலைங்க சார், பார்த்து மூணு நாள்ல எழுதித் தர்றேன்" என்பது மிக நல்ல பதில். எழுதித் தருவதாகச் சொன்னால் இரண்டாவது நாளே கொடுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு நுணுக்கம் சொல்கிறேன். தூள் போடும்போது தேயிலைக் கழிவு விழும். 100 கிலோ தூளுக்குக் குறைந்தது 2 கிலோ கழிவு கணக்கில் காட்ட வேண்டும், அதைக் குடிக்கத் தகாததாக மாற்றித்தான் வெளியே அனுப்ப வேண்டும். ஏனென்றால் அந்தக் கழிவு கள்ளத்தனமாகப் போய்ச் சாயத்தூளோடு கலந்து மறுபடி கடைக்கு வரும். ஒரு வருடம் எங்கள் கணக்கர் கழிவைக் குறைத்து எழுதிவிட்டார். 'நம்ம ஃபேக்டரி சுத்தமா ஓடுது' என்று காட்டுகிறாராம். ஆய்வுக்கு வந்தவர் முதலில் பார்த்ததே அந்தப் பதிவேட்டைத்தான். கழிவு குறைவாக இருப்பது அவருக்குச் சந்தேகம், நமக்குப் பெருமை. எந்தத் துறை எதைக் கண்டு பயப்படுகிறது என்று தெரியாமல் பதிவேடு எழுதினால் இப்படித்தான் ஆகும்.

ஆய்வு முடிந்ததும் அவர் எழுதிய குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். குறை சொல்லியிருந்தால் வாதாடாமல், ஒவ்வொரு குறைக்கும் எதிரே 'செய்தாயிற்று' அல்லது 'இந்தத் தேதிக்குள்' என்று எழுதி, போட்டோவோடு பதில் கொடுங்கள்.

பணம் கேட்டால்

கேட்பார்கள். எல்லோரும் இல்லை. என் அனுபவத்தில் கேட்காதவர்களே அதிகம். கேட்கும் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரிடமும் அப்படியே நடந்துகொள்வதுதான் பெரிய தப்பு.

சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தினார்கள். அதன்படி லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 வருடம் வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்திருந்தால் 7 நாளைக்குள் புகார் சொல்ல வேண்டும். கம்பெனிக்காக ஒருவர் கொடுத்தால் கம்பெனியும் மாட்டும். 'நாங்க குடுக்கல, புரோக்கர்தான் குடுத்தார்' என்று தப்பிக்க முடியாது. அதனால் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஆலோசகருக்கு எழுத்து ஒப்பந்தம், பில், வங்கி வழியாகப் பணம் என்று வையுங்கள். 'இதர செலவு' என்று ஒரு வரி இருந்தால் அந்த ஆளே வேண்டாம்.

நேரில் கேட்டால் நான் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "சார், எங்க கம்பெனில ரசீது இல்லாம வவுச்சர் போட முடியாதுங்க." கோபம் இல்லாமல், எழுந்து நின்று, சிரித்த முகத்தோடு சொல்வேன். அப்படிச் சொன்னால் வேலை தாமதமாகும், அதை மறைக்க விரும்பவில்லை. அதனால் எந்தப் புதுப்பித்தலையும் கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுவேன். கடைசி நாளில் ஓடுகிறவன்தான் கையில் கவரோடு ஓட வேண்டியிருக்கும். மிரட்டல் வந்தால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது, அதன் எண் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். ஒன்று கவனியுங்கள்: அந்த உரிமை குடிமக்களுக்குத்தான், கம்பெனி பெயரில் கேட்டால் திருப்பி அனுப்பலாம். தனிநபராக உங்கள் பெயரில் கேளுங்கள்.

ஊர்

இதுதான் எனக்கு முக்கியம். ஆபீஸ்களைப் பற்றி இவ்வளவு சொன்னேனே, அவை எல்லாம் கடைசியில் ஊர் சொல்வதைக் கேட்டுத்தான் நடக்கின்றன.

ஓர் ஐப்பசி ராத்திரி, விடாத மழை. எங்கள் தொழிற்சாலையில் கொழுந்தை நசுக்கித் தூளாக்கும் சி.டி.சி. இயந்திரங்களையும் தரையையும் கழுவும் தண்ணீர் ஒரு தொட்டிக்குப் போகும். மழைத்தண்ணீரும் அதற்குள் புகுந்து, தொட்டி நிரம்பி, பழுப்புத் தண்ணீர் நுரையோடு ஓடையில் இறங்கிவிட்டது. அந்த ஓடையிலிருந்துதான் கீழே இருக்கும் ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, குழாய் போகிறது. காலை ஆறரை மணிக்கு ஓர் அம்மா குடத்தோடு வந்து கேட்டில் நின்றார். குடத்துக்குள் டீ நிறத்தில் தண்ணீர்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏழேகால். முதலாளி, "முதல்ல என்னன்னு பாப்போம், யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார். நான் சொன்னேன், "ஊருக்கு ஏற்கனவே தெரிஞ்சிருச்சுங்க. இன்னும் தெரியாம இருக்கிறது ஆபீஸுக்கு மட்டும்தான்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாமளே போய்ச் சொன்னா நாமளே மாட்டிக்கிட்ட மாதிரி ஆகாதா?" என்று கேட்டார். நியாயமான பயம்தான். ஆனால் குடம் கேட்டில் இருக்கிறது.

அன்று செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், இப்படி ஒன்று நடந்தால் நீங்களும் இதே வரிசையில் செய்யுங்கள். முதலில் கசிவை அடைத்தோம்: இயந்திரத்தை நிறுத்தி, மண்மூட்டை போட்டு ஓடைப்பக்கத்தை மூடினோம். அடுத்து, ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று ஹட்டியில் வீடு வீடாகச் சொல்ல ஆள் அனுப்பினோம். மூன்றாவது, கோத்தகிரியிலிருந்து தண்ணீர் லாரி. நான்காவது, மதியம் பன்னிரண்டுக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் ஒரே மாதிரியான கடிதம். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எதனால், இப்போது என்ன செய்திருக்கிறோம், இனி என்ன செய்யப் போகிறோம். 'எதிர்பாராத இயற்கைச் சீற்றத்தால்' என்று ஒருவர் எழுதித் தந்ததை நான் அடித்துவிட்டேன். மழை பெய்தது உண்மை. தொட்டி சின்னது என்பதும் உண்மை.

சாயங்காலம் நானும் சூப்பர்வைசரும் ஹட்டிக்குப் போனோம். பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வயதான ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மணி, நேத்து ராத்திரியே உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஆனால் இரவு ஷிஃப்ட்டில் இருந்தவருக்கு இரண்டு மணிக்கே தெரியும். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம், எனக்கு மட்டும் பார்த்தால் அது பொய்யும் இல்லை. "தெரியும்ங்க ஐயா. ரெண்டு மணிக்குத் தெரியும். யாரும் உங்களுக்குச் சொல்லல" என்றேன். ரொம்பக் கோபப்பட்டார்கள். ஓர் அம்மா, குழந்தைக்கு அந்தத் தண்ணீரில்தான் பால் கலந்தேன் என்று சொல்லி அழுதார். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் எதுவும் பேசாமல் நின்றோம். அப்படி நிற்பதும் இந்த வேலைதான்.

நோட்டீஸ் வந்தது. பதில் கொடுத்தோம், இரண்டாவது தொட்டி கட்டினோம், மழைநீருக்குத் தனிக் கால்வாய் வெட்டினோம். தொட்டி கட்டி முடிந்ததும் ஹட்டியிலிருந்து நாலு பேரை அழைத்து வந்து காட்டினோம். அதைவிட முக்கியமாக ஒன்று செய்தோம். இரவுக் காவலர் அறையில் ஒரு அட்டை மாட்டினோம். அதில் ஊர்ப் பெரியவர் இருவரின் தொலைபேசி எண்ணும், தண்ணீர் திறந்துவிடுபவரின் எண்ணும். ஓடையில் எது இறங்கினாலும் எந்த நேரமானாலும் முதல் அழைப்பு அவர்களுக்கு, இரண்டாவதுதான் முதலாளிக்கு. இந்த வரிசையை ஒத்துக்கொள்ள முதலாளிக்கு ஒரு வாரம் ஆனது. ஒத்துக்கொண்டார்.

நம் பக்கம் ஊரோடு வரும் அடுத்த பெரிய பிரச்சினை விலை. நீலகிரியில் கொழுந்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்பவர்கள். தேயிலை வாரியம் மாதாமாதம் சராசரி விலை அறிவிக்கிறது. தூள் விற்ற விலையில் 65 பங்கு விவசாயிக்கு, 35 தொழிற்சாலைக்கு என்பது கணக்கு. இது வாசலில் வரிசையில் நிற்கும் ஆளுக்குப் புரிவதில்லை, புரிய வைக்க யாரும் முயல்வதும் இல்லை. நாங்கள் கேட் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்தோம். உதாரணத்துக்கு, தூள் சராசரி 100 ரூபாய், அதில் உங்கள் பங்கு 65, நாலு கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் விழுந்தால் கிலோவுக்கு 16 ரூபாய் 25 காசு என்று மாதாமாதம் அந்த மாதத்து எண்களோடு சுண்ணக்கட்டியில் எழுதுவோம். விலை போதவில்லை என்ற கோபம் அதனால் தீராது. 2023-இல் கோத்தகிரி பக்கத்தில் குறைந்தபட்ச ஆதார விலை கேட்டு உண்ணாவிரதமே இருந்தார்கள், அது நியாயமான கோரிக்கை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் வாசலில், "நீ திருடுற" என்ற பேச்சு நின்றது. மழைக்காலத்தில் ஈரக் கொழுந்துக்கு எவ்வளவு எடை கழிக்கிறோம் என்பதையும் அதே பலகையில் எழுதினோம். தராசு முத்திரைச் சான்றிதழைத் தராசுக்கு மேலேயே மாட்டுங்கள், ஆபீஸ் அறைக்குள் மாட்டிப் பயனில்லை.

கிராம சபை வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் தொழிற்சாலை ஊராட்சிக்குள் இருந்தால் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போய் உட்காருங்கள். அந்த ஊர் வாக்காளர்களின் சபை அது. கேட்டால் மட்டும் பேசுங்கள். நம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்து, அடுத்த கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் கொடுங்கள்.

நன்கொடை பற்றிக் கேட்பீர்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி சமூகப் பொறுப்புக்கு 2 சதவீதம் ஒதுக்க வேண்டியது பெரிய நிறுவனங்கள்தான்: நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. நம்மைப் போன்ற சின்னத் தொழிற்சாலைக்கு அது வராது. ஆனாலும் ஹெத்தையம்மன் பண்டிகை வரும், பள்ளிக்கூட ஆண்டுவிழா வரும். ஊர்க் கமிட்டி கேட்டபடி, கமிட்டி வழியாக, ரசீதோடு கொடுங்கள். தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்துவிட்டு அதில் கம்பெனி பெயரை ஓர் ஆள் உயரத்துக்கு எழுதுவதை நான் என்றைக்கும் ஒத்துக்கொண்டதில்லை. அந்தத் தொட்டியில் ஒருநாள் தண்ணீர் வரவில்லை என்றால் அந்தப் பெயரைத்தான் ஊர் தினம் பார்க்கும்.

கழிவு எங்கே போகிறது

பழனி மலைப்பக்கம் நடந்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது, எண்பதுகளில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, ஊருக்குள் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியே வந்தது. மக்கள் திரண்டார்கள். தொழிற்சாலை மூடியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாடு வந்தது 2016 மார்ச்சில். நடுவே 15 வருடம் வழக்கும் போராட்டமும்.

இதைப் படிக்கும் நீங்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கம்பெனியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு சாக்கும், டின்னும், பழைய எண்ணெயும், சாம்பலும் எந்த வண்டியில் ஏறி எங்கே இறங்குகிறது என்று கூடவே போய்ப் பாருங்கள். வாங்குபவருக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். நான் அப்படிப் போனபோது, எங்கள் கிரீஸ் டப்பாக்கள் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் பிடிக்க வைத்திருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து டப்பாவை ஓட்டை போட்டு நசுக்காமல் வெளியே விட்டதில்லை.

பத்திரிகைக்காரர்கள்

ஒருவர்தான் பேச வேண்டும். யார் என்று கேட் காவலர் வரை தெரிந்திருக்க வேண்டும். அழைப்பு வந்தால் அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி, சொன்னபடி கூப்பிடுங்கள். இரண்டு பத்தியில் எழுதிக் கொடுங்கள். உறுதியாகத் தெரிந்ததை மட்டும். 'விளம்பரம் தருகிறோம், அந்தச் செய்தியை விட்டுடுங்க' என்ற பேச்சு வேண்டவே வேண்டாம்.

சட்டமே சரியில்லை என்று தோன்றினால்

தனியாகப் போகாதீர்கள். சங்கம் எதற்கு இருக்கிறது? குன்னூரில் உபாசி என்ற தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம் 1893-இலிருந்து தோட்டக்காரர்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறது. கொழுந்து வாங்கும் தொழிற்சாலைகளுக்கும் தனிச் சங்கம் உண்டு. வரைவு விதி வந்தால் கருத்துச் சொல்லக் கடைசித் தேதி போட்டிருப்பார்கள், அதற்குள் எழுத்தில் கொடுங்கள். 'எங்களால் முடியாது' என்பதை எண்ணாக மாற்றுங்கள்: இந்த விதியால் கிலோவுக்கு எத்தனை காசு கூடும், அதற்குப் பதில் எது செய்தால் அதே பாதுகாப்பு கிடைக்கும். விவசாயிக்குச் சேர வேண்டியதைக் குறைக்கும் கோரிக்கை என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முதலாளியிடம் ஒருமுறை சொன்னேன். அவர் வேறு ஒருவரிடம் கையெழுத்து வாங்கினார். வருத்தம்தான், ஆனால் அந்த மனு நகலில் என் பெயர் இல்லை என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

2021-இல் ஓய்வு பெற்றபோது, எனக்குப் பின் வந்த பெண்ணை ஒரு மாதம் எல்லா அலுவலகத்துக்கும் ஹட்டிக்கும் கூட்டிப் போனேன். நோட்டைக் கொடுத்தேன். காவலர் அறை அட்டையையும் காட்டினேன். அதில் இருந்த மூன்று எண்ணில் ஒன்று மாறிப்போயிருந்தது, ஒருவர் காலமாகியிருந்தார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் அட்டையில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் கூப்பிட்டுப் பேசிப் பார்க்க வேண்டும்.